ஊர் கூடி வேளாண்மைத் திட்டம்: குமரி மாவட்ட விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வயல், விளை (மேட்டுத் தோட்டம்), ரப்பர்த் தோட்டம், குளம் இவற்றுக்கான திட்டத்தை ஊர்க்காரர்களே சேர்ந்து வகுப்பது பற்றி நம் மாவட்டத்தில் பாசனத்தார் கூட்டங்களிலும் மகளிர் குழுக்களிலும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இவை. பதில்களில் என் கருத்தும் கலந்திருக்கிறது. அது எங்கே என்று படிக்கும்போதே தெரியும்.

ஊர் கூடித் திட்டம் போடுவது என்றால் என்ன? கிராம சபைக்குப் போய்க் கையெழுத்துப் போடுவதா?

இல்லை. எந்த வேலை முதலில், எந்த இடத்தில், எந்த மாதத்தில் என்று முடிவாகும் நேரத்தில் அந்த மண்ணில் பாடுபடுகிறவர் அங்கே இருக்க வேண்டும். வேலைப் பட்டியல் தட்டச்சாகி வந்த பிறகு "ஆட்சேபணை உண்டா?" என்று கேட்பது வெறும் சம்பிரதாயம். கூட்டத்துக்கு முன்னால் இருந்த பட்டியலையும் பின்னால் வந்த பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வரிகூட மாறவில்லை என்றால் அங்கே யாரும் யாரையும் கேட்கவில்லை.

வேளாண் துறை இருக்கிறது, திருப்பதிசாரத்தில் நெல்லுக்கும் பேச்சிப்பாறையில் தோட்டப் பயிருக்கும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நாங்கள் எதற்கு?

ரகத்தையும் நோய்க்கு மருந்தையும் அவர்கள்தான் சொல்ல வேண்டும். திருப்பதிசாரத்தில் உருவான டி.பி.எஸ். நெல் ரகங்கள் மாவட்டம் தாண்டியும் போயிருக்கின்றன, அந்த வேலையைக் கூட்டம் போட்டுச் செய்ய முடியாது. ஆனால் எந்த மடை அடைபட்டுக் கிடக்கிறது, கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) நடவுக்குப் பிறகு பெய்யும் மழையில் எந்த வயல் நாலு நாள் மூழ்கிக் கிடக்கும், யானையும் பன்றியும் எந்தப் பக்கமாக இறங்குகின்றன, யார் இந்த ஆண்டு வயலை மண் போட்டுத் தூர்க்கப் போகிறார் என்பதெல்லாம் எந்தக் கோப்பிலும் இல்லை. ஊரில் பத்துப் பேருக்குத் தெரியும். அந்தப் பத்துப் பேரும் ஒரே இடத்தில் உட்காராததால்தான் தூர்வாரும் பணம் வேண்டாத இடத்தில் செலவாகிறது.

இது நமக்குப் புதிதும் இல்லை. நாஞ்சில்நாட்டில் பிடாகை பிடாகையாக (பல ஊர் சேர்ந்த பிரிவுகளாக)க் கூடி, வரியைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் தீர்மானம் எழுதி வைத்த மரபு உண்டு. மேற்கே மார்த்தாண்டத்தில் 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராம மையம், தேனீப் பெட்டியையும் கோழி வளர்ப்பையும் செய்து காட்டி, விற்பனைக்குக் கூட்டுறவையும் சேர்த்துக் கொடுத்தது. மார்த்தாண்டம் தேனுக்கு இன்றும் பெயர் இருப்பதில் அந்தக் கூட்டுறவின் பங்கு பெரிது என்பது என் கருத்து. பெட்டி கொடுத்துவிட்டுப் போன திட்டங்கள் வேறு ஊர்களிலும் நிறைய நடந்தன, அங்கே பெட்டி மட்டும்தான் மிஞ்சியது.

திட்டத்துக்கு எல்லை எது? ஊராட்சியா, வார்டா, ஏலாவா?

முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி இது. தண்ணீர் போகும் எல்லையைப் பிடியுங்கள். ஒரு ஏலா (சேர்ந்து கிடக்கும் நெல்வயல் பரப்பு), ஒரு குளத்தின் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்), ஒரு சானலின் கிளை, இவற்றில் ஏதாவது ஒன்று. ஊராட்சி எல்லையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

பேச்சிப்பாறை அணை 1897-ல் தொடங்கி 1906-ல் முடிந்தது. அதோடு பெருஞ்சாணியும் இரண்டு சித்தாறு அணைகளும் சேர்ந்து சுமார் 79,000 ஏக்கருக்குத் தண்ணீர் தரும் ஏற்பாடு இது. தோவாளை சானல், அனந்தனாறு சானல், நாஞ்சில்நாடு புத்தனாறு, பத்மநாபபுரம் புத்தனாறு, பட்டணங்கால் என்று பிரிந்து ஓடி, திருநெல்வேலி மாவட்டத்தின் ராதாபுரம் பக்கம் வரைக்கும் போகிறது. வழக்கமாக ஜூன் 1-ல் திறந்து பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். இவ்வளவு நீளத்துக்கு ஓடுகிற தண்ணீரில் தலைப்பில் (தண்ணீர் முதலில் வரும் பக்கம்) இருப்பவர் செய்வதெல்லாம் கடைவரம்பில்தான் (தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் வயல்களில்) தெரியும்.

மேலே உள்ள ஏலாவில் ஒருவர் நாற்றுப் பாவி முடித்திருப்பார், அடுத்தவர் மூன்று வாரம் கழித்துத் தொடங்குவார். பிற்பாடு ஒருவருக்கு அறுவடைக்கு வயல் காய வேண்டும், இன்னொருவருக்குக் கதிர் பால் பிடிக்கத் தண்ணீர் வேண்டும். இரண்டு பேரும் ஒரே மடையில். முன்னும் பின்னுமாக நட்டால் எலிக்கும் பூச்சிக்கும் ஏதாவது ஒரு வயலில் எப்போதும் தீனி கிடைத்துக்கொண்டே இருக்கும். நடுவில் ஒருவர் வயலைத் தூர்த்து வாழை வைத்தால் வடிகால் அடைபடும், அறுவடை இயந்திரம் உள்ளே போக வழி இருக்காது, பக்கத்து வயல்காரரும் இரண்டு பருவம் பார்த்துவிட்டு வாழைக்கே மாறிவிடுவார். நம் மாவட்டத்தில் நெல்வயல் சுருங்கியதற்கு வீட்டுமனை மட்டும் காரணம் இல்லை, இப்படித் தொற்றிப் பரவும் மாற்றமும் ஒரு காரணம். ஆகவே ஏலா அளவில் முதல் ஒப்பந்தம் தேதியைப் பற்றியதாக இருக்கட்டும்: கன்னிப்பூவுக்கும் (முதல் போகம்) கும்பப்பூவுக்கும் நாற்றுப் பாவும் வாரம், நடவு வாரம், தண்ணீர் நிறுத்தும் வாரம். இதற்கு எந்தத் துறையின் அனுமதியும் வேண்டாம், பைசா செலவும் இல்லை.

பாசன சங்கம் ஏற்கெனவே இருக்கிறதே, அது போதாதா?

பாசன முறைகளை விவசாயிகளே மேலாண்மை செய்ய 2000-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. தேர்தல் வைத்துத் தலைவரையும் உறுப்பினரையும் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு அதில் இருக்கிறது. சங்கம் செயல்படும் ஊரில் அதன் மேடையையே பயன்படுத்துங்கள், புதிதாக இன்னொரு குழு எதற்கு? ஒரே ஒரு எச்சரிக்கை: வாக்காளர் பட்டியல் நில ஆவணத்தை ஒட்டியது. வாய்மொழியாகப் பாட்டம் (குத்தகை) எடுத்தவர் பெயர் அதில் வராது. அவரைத் தனியாகக் கூப்பிட வேண்டும்.

எங்கள் ஊர் பேரூராட்சி. கிராம சபையே கிடையாதே?

குமரியில் இது பலருக்கும் உள்ள சிக்கல். மாவட்டத்தில் ஊராட்சிகள் 95 என்றால், பேரூராட்சிகள் ஐம்பதையொட்டி இருக்கின்றன. தேரூர், பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம், பொன்மனை, கடையல் என்று வயலும் தோட்டமுமாக இருக்கும் ஊர்கள் எல்லாம் கணக்கில் நகர்ப்புறம். கிராம சபை இல்லை, 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நூறு நாள் வேலையும் அங்கே வரவில்லை. வெளியூர் அதிகாரிகளுக்கு இதைப் புரியவைப்பதற்கே ஒரு கூட்டம் போய்விடும்.

2022 முதல் நகர்ப்புற உள்ளாட்சிகளில் வார்டு குழு, பகுதி சபை என்ற ஏற்பாடு வந்திருக்கிறது. அங்கே தெருவிளக்கும் குப்பையும்தான் பேசப்படும் என்று நினைத்து விவசாயிகள் போவதில்லை. போய், மடையையும் வடிகாலையும் எழுத்தில் கொடுங்கள். ஏலா அளவில் கூடிப் போட்ட தீர்மானத்தை ஒரு நகல் பேரூராட்சிக்கும், ஒரு நகல் வட்டார வேளாண் உதவி இயக்குநருக்கும், இன்னொன்று மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளிலும் கொடுத்து ஒப்புகை வாங்கலாம். சானல் பாதி ஊராட்சியிலும் பாதி பேரூராட்சியிலும் ஓடும் இடங்களில் இரண்டு பக்கத்தாரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் "அது எங்கள் எல்லை இல்லை" என்ற பதில் வருவது குறையும்.

கிராம சபை உள்ள ஊரில் எப்போது, எப்படி?

ஆண்டுக்கு ஆறு நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் வேலை அக்டோபர் 2-ஐ ஒட்டித் தொடங்கும் என்பதால், உங்கள் ஏலாத் திட்டம் செப்டம்பருக்குள் தாளில் இருக்க வேண்டும். ஜனவரி 26 அன்று கொண்டு போனால் அடுத்த ஆண்டுதான்.

கோரம் (குறைந்தபட்ச வருகை) உண்டு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. நம் ஊராட்சிகள் பெரியவை, 200 பேர் வேண்டிய இடமே அதிகம். வயல்காரர்கள் இருபது பேர் மட்டும் போய்ப் பேசினால் காரியம் நடக்காது, மகளிர் குழுக்களோடு முன்கூட்டியே பேசி வையுங்கள்.

தலைவர், உறுப்பினர் இல்லாத காலத்தில் யாரிடம் போவது?

2019 கடைசியில் தேர்வான ஊராட்சிகளின் பதவிக்காலம் நம் மாவட்டத்தில் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனது. அப்படிப்பட்ட காலத்திலும் கிராம சபை கூட்ட வேண்டும், தீர்மானப் பதிவேடு இருக்க வேண்டும். பேச்சுவாக்கில் சொன்னது அலுவலர் மாறும்போது காணாமல் போய்விடும். எழுத்தில் கொடுங்கள்.

யார் யாரைக் கட்டாயம் கூப்பிட வேண்டும்?

கூப்பிடாமலே வருகிறவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம். நான் முதலில் தேடுவது மூன்று வகை ஆட்களை.

கடைவரம்பு விவசாயி. தண்ணீரைப் பற்றிய உண்மை அவரிடம்தான் இருக்கிறது. கூட்டத்தில் அவரை முதலில் பேசவிடுங்கள், தலைப்பு வயல்காரர் பேசி முடித்த பிறகு கூப்பிட்டால் அவர் சொல்வது புகாராக மட்டும்தான் காதில் விழும்.

அடுத்து, பாட்டத்துக்கு எடுத்துப் பயிர் செய்பவர். ஏத்தன், மட்டி, செந்துளுவன் என்று வாழை போடுகிறவர்களில் பலருக்குச் சொந்த நிலம் சில சென்ட்தான். நிலத்துக்காரர் வளைகுடாவிலோ சென்னையிலோ இருப்பார். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது சாய்ந்த வாழை பாட்டக்காரருடையது, ஆனால் பட்டா வேறொருவர் பெயரில். மண்ணைக் காப்பாற்றும் எந்தத் திட்டமும் இங்கேதான் முட்டி நிற்கிறது. அடுத்த ஆண்டு அந்த நிலம் தன் கையில் இருக்குமா என்று தெரியாதவர் பசுந்தாள் உரம் போடுவாரா, வரப்பில் மரம் வைப்பாரா? இயற்கை வேளாண்மைப் பயிற்சி ஒன்று கூடுதலாக நடத்துவதைவிட, மூன்று ஆண்டுப் பாட்டத்தை எழுத்தில் போட நிலத்துக்காரர் சிலரைச் சம்மதிக்க வைப்பது பெரிய வேலை என்பேன். வாட்ஸப்பில் அழைத்தாவது நிலத்துக்காரரைக் கூட்டத்துக்குள் கொண்டுவாருங்கள்.

மூன்றாவது, பெண்கள். நடவும் களையும் மாடும் அவர்கள் கையில் இருக்கின்றன, நிலம் அவர்கள் பெயரில் இல்லை. மேற்குப் பகுதியில் அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) வேலைக்குப் போகிற பெண்கள் பகலில் வரவே முடியாது. பெண்களோடு முதலில் தனியாக உட்கார்ந்து பேசிவிட்டு, அவர்கள் சொன்னதை அவர்களில் ஒருவரே பொதுக் கூட்டத்தில் வாசிக்கட்டும்.

மலையோரத்தில் இன்னொரு சங்கதி. பேச்சிப்பாறை பக்கத்துக் காணிக்காரர் (பழங்குடியினர்) குடியிருப்புகளுக்கு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி தனி நிலை உண்டு. உரிமைக் கோரிக்கையை எடுத்துத் தொடங்கும் அதிகாரம் அங்கே கிராம சபைக்குத்தான், அது அமைக்கும் வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். கீழே இருக்கிறவர்கள் போட்ட திட்டத்துக்கு அவர்களிடம் சம்மதம் மட்டும் கேட்பது முறையாகாது.

கூட்டம் போட்டால் ஆள் வருவதில்லை. என்ன செய்ய?

நேரத்தைப் பாருங்கள். ரப்பர் பால்வெட்டுகிறவர் விடியுமுன் போய், பால் எடுத்து, ஷீட் அடித்து முடிக்க நண்பகல் ஆகும். தோவாளைச் சந்தைக்குப் பூக் கொண்டு போகிறவர் விடியும் முன்பே அங்கே நிற்பார். ஞாயிறு காலை மேற்கே பலருக்குத் தேவாலயம், கோயில் கொடைத் திருவிழா நாட்களில் கிழக்கே யாரும் கிடைக்கமாட்டார்கள். பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் ஓய்வு பெற்றவர்களும் கட்சிக்காரர்களும் வருவார்கள். மாலை நாலரை, ஐந்து மணிக்கு மேல், மடைப் பக்கத்திலோ நூலகத் திண்ணையிலோ வையுங்கள். மண்டபம் வேண்டாம், மேடை போட்டால் பொன்னாடையும் வந்துவிடும்.

வரைபடம், நடை என்கிறார்களே, அதை எப்படிச் செய்வது?

முதல் நாள் நடை. தலைப்பு மடையில் தொடங்கிக் கடைவரம்பு வரை, பத்துப் பதினைந்து பேர். வயசான ஒருவர், பாட்டக்காரர் ஒருவர், பெண்கள் சிலர், முடிந்தால் வேளாண் உதவி அலுவலரும் நீர்வளத்துறை ஆளும். எங்கெங்கே கசிவு, எங்கே சானலுக்குள் சாக்கடை விழுகிறது, எங்கே தெங்குகளில் (தென்னைகளில்) வேர் வாடல் தெரிகிறது என்று நின்று நின்று குறிப்பெடுக்க வேண்டும். மறுநாள் ஊர்த் தரையில் கோலப்பொடியால் ஏலாவை வரைவது. தாளில் வரையச் சொன்னால் பேனா படித்தவர் கைக்குப் போய்விடும், தரையில் என்றால் எல்லாரும் குனிவார்கள். வரைந்ததைப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள புல எண் வரைபடத்தோடு ஒத்துப் பாருங்கள். ஆக்கிரமிப்பு இருந்தால் அப்போது தானாகவே வெளியே வரும், அந்தச் சண்டையை அன்றைக்கே தீர்க்கப் போகாதீர்கள்.

பிறகு மாதவாரியாக ஒரு அட்டவணை: தண்ணீர், வேலை, கடன், விலை. எந்த மாதத்தில் கையில் காசு இல்லை என்று பெண்களைக் கேளுங்கள். ரப்பர் உள்ள வீடுகளில் மழைக்காலம் என்பார்கள், அந்த ஒரு பதில் பல திட்டங்களை மாற்றும்.

குளம் என்றாலே சண்டை வருகிறதே?

வரும். மாவட்டத்தில் குளங்கள் இரண்டாயிரத்துக்கு மேல், அநேகமாக ஒவ்வொன்றுக்கும் நாலு உரிமைக்காரர். ஆயக்கட்டுக்காரருக்கு மடை திறக்க வேண்டும். மீன் குத்தகை எடுத்தவருக்குத் தண்ணீர் குறையக் கூடாது. தாமரை போடுகிறவருக்குப் பூ பறிக்க ஏற்ற மட்டம் வேண்டும், அந்தப் பூ தோவாளைக்குப் போகிறது. சுசீந்திரம்–தேரூர் குளங்களும் வேம்பனூரும் 2022-ல் ராம்சார் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) ஏறின பிறகு பறவைகளுக்காகப் பேசுகிறவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். அது நல்லதுதான், பறவை வரும் குளத்தில் வண்டல் எடுக்கும் மாதத்தை அவர்களையும் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

"குளத்தைப் பாதுகாப்போம்" என்று தீர்மானம் போட்டால் எல்லாரும் கை தூக்குவார்கள், ஒன்றும் நடக்காது. மடைக்கல்லில் ஒரு கோடு போட்டு, எந்த மாதம் எந்த மட்டத்துக்குக் கீழே இறங்கக் கூடாது என்று எழுதுங்கள். மீன் பிடிக்கும் மாதம், தாமரைக் கொடியை அகற்றும் மாதம், வண்டல் எடுக்கும் மாதம் எல்லாம் தேதியோடு இருக்கட்டும். ஏலம் விடும் அலுவலகம் அந்த நிபந்தனையைக் குத்தகைத் தாளில் சேர்த்தால்தான் அதற்கு மதிப்பு, ஆகவே குளம் நீர்வளத்துறையுடையதா, ஒன்றியத்துடையதா, பேரூராட்சியுடையதா, கோயிலுடையதா என்று முதலில் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். விவசாயத்துக்கு வண்டல் மண் எடுக்க 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தரலாம். வயலுக்கு என்று எடுத்து வேறெங்காவது போகிறதா என்று பார்க்க ஊரில் இரண்டு பேரை நியமிப்பதும் திட்டத்தின் ஒரு பகுதி.

ரப்பர்க்காரர்களுக்கு இதில் என்ன வேலை?

நிறைய. ஒரு முறை வைத்தால் இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் நிலம் கட்டப்படுகிறது. 2011-ல் கிலோ 240 ரூபாயைத் தொட்ட விலை 2016-ல் நூறுக்கும் கீழே போனதை இங்கே யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. பழைய விளையில் தெங்கு, பலா, நல்லமிளகு, மரச்சீனி (மரவள்ளி), வாழை எல்லாம் ஒன்றாக நின்றன, ஒன்று விழுந்தால் இன்னொன்று கை கொடுத்தது. மறுநடவு செய்யும் தோட்டங்களில் கன்று வளரும் ஆண்டுகளில் அன்னாசியா, வாழையா, அதற்கு யார் பாட்டம், எவ்வளவு மருந்து என்பதை ரப்பர் உற்பத்தியாளர் சங்கமே பேசலாம். தேனீக்காரர்களையும் அங்கே கூப்பிடுங்கள். ரப்பர் தளிர் விடும் மாசி, பங்குனியில்தான் அவர்களுக்குத் தேன், அந்த நேரத்தில் மருந்தடிக்கும் நாளை முன்கூட்டிச் சொன்னாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பணம்?

பாதி வேலைக்குப் பணம் வேண்டாம் என்பதை முன்பே சொன்னேன். மீதிக்கு, ஊராட்சிக்கு வரும் நிதிக்குழு மானியத்தில் கட்டுப்பாடற்ற பங்கு உண்டு (15-ஆவது நிதிக்குழுவில் அது 40 சதவீதமாக இருந்தது). வேளாண் துறையில் அட்மா (வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமை), 2021-22-ல் தொடங்கிய கலைஞரின் அனைத்து கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டம் என்று வழிகள் இருக்கின்றன. சரிவான நிலமாக இருந்தால் நபார்டு வங்கியின் நீர்வடிப்பகுதித் திட்டங்கள். அவை ஊரின் உழைப்புப் பங்கை முதலில் கேட்கும், ஒவ்வொரு நிலத்திலும் கணவனையும் மனைவியையும் நிற்கவைத்துத் திட்டம் எழுதும் வழக்கமும் அவர்களுடையது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்க 2020-ல் வந்த மத்தியத் திட்டத்தில் சமவெளிக்குக் குறைந்தது 300 உறுப்பினர். அவசரப்பட்டுப் பெயர் சேர்த்துத் தொடங்கினால் கணக்குத் தணிக்கைச் செலவே தின்றுவிடும். மட்டி வாழைக்கும் கிராம்புக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்பதற்காக மட்டும் தொடங்காதீர்கள், வாங்க ஆள் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

கேரளத்தில் இதெல்லாம் நன்றாக நடக்கிறதாமே?

எல்லை தாண்டினால் சொந்தக்காரர் வீடு என்பதால் இந்தக் கேள்வி தவறாமல் வரும். அங்கே 1996-ல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கினார்கள். 2008-ல் வந்த நெல்வயல் பாதுகாப்புச் சட்டத்தில், வயலை மாற்றும் விண்ணப்பத்தைப் பார்க்கும் உள்ளூர்க் குழுவில் நெல் விவசாயிகள் மூன்று பேருக்கு இடம் உண்டு. நமக்கு அந்த அளவு பணமும் இல்லை, அந்தக் குழுவும் இல்லை. அங்கேயும் வயல் குறைந்துதான் வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சட்டம் இல்லாமலே நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது, ஒரு ஏலாவில் உள்ளவர்கள் அனைவரும் சேர்ந்து நாற்று, உழவு, அறுவடை இயந்திரம் மூன்றையும் கூட்டாகப் பேசுவது.

ஊரால் முடியாத விஷயத்தை என்ன செய்வது?

தனித்தாளில் எழுதுங்கள். நெய்யாறு இடதுகரைச் சானலில் 2004-லிருந்து தண்ணீர் வரவில்லை. விளவங்கோடு பக்கத்தில் எத்தனை கூட்டம் போட்டாலும் அது இரண்டு மாநில அரசுகள் பேசித் தீர வேண்டியது. யானை இறங்குவது, ரப்பர் இறக்குமதி இவையும் அப்படித்தான். அந்தப் பகுதிகளில் சானல் தண்ணீரை நம்பி ஒரு பயிர்த் திட்டம், நம்பாமல் ஒரு பயிர்த் திட்டம் என்று இரண்டு போட்டு வைத்தால், ஆண்டுக்காண்டு காத்திருந்து நிலம் தரிசாவது குறையும்.

தீர்மானம் போட்டுக் கொடுத்துவிட்டோம், ஒன்றும் நடக்கவில்லை. அடுத்து?

தீர்மானப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள், தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு விண்ணப்பம். அதில் உங்கள் வரி அப்படியே இருக்கிறதா, "ஆவன செய்யப்படும்" என்று சுருங்கிவிட்டதா என்று பாருங்கள். சுருங்கியிருந்தால் அடுத்த சபையில் முதல் பொருளாக அதையே எழுப்ப வேண்டும். இதற்கிடையில் நாற்றுப் பாவும் தேதியும் மடைக்கோடும் உங்கள் கையில்தானே இருக்கின்றன, அதை இந்தக் கன்னிப்பூவிலேயே தொடங்கலாம்.